மேலே உட்கார்ந்து குமிழி பார்த்த வேலை

கடலில் என் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். கடலில் எனக்கு ஏற்பட்ட அனுபவம் வாந்தி. அதை ஒரு வரிக்கு மேல் நீட்ட முடியாது. ஆகவே கிணற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் இளம் ஆசிரியர்கள். பள்ளிப் பிள்ளைகளின் முதுகில் சிலிண்டரைக் கட்டிக் கடலுக்குள் இறக்கி, பவளத் துண்டுகளை நட வைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. உங்களுக்காவது அதற்கு முறையான பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். என் தலையில் அது விழுந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். திருப்பூரில், வேலம்பாளையத்துப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். ஆசிரியர் கூட்டத்தின் நடுவில், டீ இன்னும் வரவில்லையே என்று பார்க்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். டீக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கும்பிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது. மிதக்கத் தெரியும். அதுவும் என் திறமை அல்ல, வயிற்றின் திறமை.

விஷயம் இதுதான். ராமநாதபுரம் கரையில் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. வெட்டி எடுத்துப் பாழாக்கிய பவளப் பாறைகளை மீட்க முடியுமா என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிருள்ள பவளத்தின் சிறு துண்டுகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டிக் கடலடியில் வைத்து வளர்ப்பது. அந்த நிலையத்தில் ஒரு பெண் விஞ்ஞானி. அவருடைய மாமியார் ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். அங்கே மோட்டார் ரூம் கூரையிலிருந்து கிணற்றுக்குள் தலைகீழாகக் குதிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். இத்தனை பயமில்லாத பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் பவளம் நடக் கூப்பிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பயமில்லாத பிள்ளைகளால் என்ன தொல்லை என்று அவருக்கு அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் நீச்சல் என்றால் கிணறுதான். முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையை, கட்டி இறக்கிவிடுவார்கள். நீந்தக் கற்றுக்கொண்டவனுக்கு அடுத்த பட்டம் மண் எடுப்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவரைக்கும் போய், ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு வந்து, எல்லோரும் பார்க்கக் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். வெறுங்கையோடு வந்தவன் பாதிவழியில் திரும்பியவன். அந்தக் கோடை முழுக்க அவனை யாரும் நிம்மதியாக விடமாட்டார்கள்.

முதல் வருடம் பையன்களை மட்டும் கூட்டிப் போனோம். சிலிண்டர் எல்லாம் கிடையாது. கண்ணுக்கு ஒரு முகமூடி, அவ்வளவுதான். விஞ்ஞானி படகில் நின்று அருமையாகப் பாடம் எடுத்தார். பவளம் என்பது கல் அல்ல, உயிர். விரல் நீளம் வளர வருடக்கணக்கில் ஆகும். சும்மா கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வாருங்கள் என்றார். பையன்கள் பவ்யமாக, "சரிங்க மேடம்" என்றார்கள். குதித்தார்கள்.

சிறிது நேரத்தில் ஒவ்வொரு தலையாக மேலே வந்தது. ஒவ்வொரு தலைக்கும் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டுப் பவளம்.

"எடுத்துட்டனுங்க சார்!"

"நாந்தானுங்க சார் பஸ்ட்டு!"

விஞ்ஞானியின் முகத்தை நான் பார்க்கவில்லை. வாளிக்குள் தலையை விட்டிருந்தேன். வாளிக்குப் பக்கத்தில், என் காலடியில், பையன்கள் தங்கள் வெற்றிகளை வரிசையாக அடுக்கினார்கள். சொன்னதைக் கேட்காத பிள்ளைகள் இல்லை அவர்கள். அடிக்குப் போனால் அள்ளிக்கொண்டு வர வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருந்தது. காது கேட்ட பாடம் கைவரைக்கும் போய்ச் சேரவில்லை.

இனித் திருப்பூர்ப் பிள்ளைகளே வேண்டாம் என்று நிலையத்தில் முடிவெடுத்தார்கள். விஞ்ஞானிதான் சண்டை போட்டு அடுத்த வருடமும் வாய்ப்பு வாங்கித் தந்தார். ஆனால் நிபந்தனையோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குபவன் அவசரப்படுவான். அவசரப்பட்டால் கையோ காலோ பவளத்தில் படும். ஆகவே இனிச் சிலிண்டர் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. நிதானமாக மூச்சுவிட்டபடி இறங்கி, நிதானமாகக் கட்டிவிட்டு, நிதானமாக மேலே வர வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க நிலையத்திலிருந்தே ஒரு பயிற்சியாளர் திருப்பூருக்கு வருவார். பெண் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும்.

பயிற்சியாளர் தூத்துக்குடிக்காரர். எங்கள் ஊரில் வேலை தெரிந்த எல்லோரும் மாஸ்டர்தான். கட்டிங் மாஸ்டர், டையிங் மாஸ்டர் என்பது போல அவர் டைவிங் மாஸ்டர் ஆனார். வந்ததும் அவர் கேட்டது, தெளிந்த தண்ணீர் உள்ள ஆழமான கிணறு. வேலம்பாளையத்தைச் சுற்றிக் காட்டினேன். முதல் கிணற்றில் தண்ணீர் ஊதா. அடுத்ததில் செங்கல் நிறம்.

"முந்தாநாளு பச்சையா இருந்துச்சுங்க. இப்ப ஆர்டர் மாறிப்போச்சாட்ட இருக்குது" என்றார் கிணற்றுக்காரர், மேகம் மூடியிருக்கிறது என்று சொல்வதைப் போல.

மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல இறங்குனா பிள்ளைங்க வெளிய வாரப்ப எந்தக் கலர்ல வரும்?" என்று கேட்டார்.

கடைசியில் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம், சாயம் இன்னும் வந்து சேராத ஒரு தோட்டத்துக் கிணறு கிடைத்தது. மூன்று ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். தெளிவு என்று சொல்ல முடியாது, பாசிப் பச்சை. ஆனால் அது அதனுடைய சொந்தப் பச்சை.

முதல் நாள் மாஸ்டர் சொன்ன பாடத்தை நான் இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன். கிணற்றில் நீங்கள் மேலேயே மூச்சை இழுத்து, வாயை மூடிக்கொண்டு போகிறீர்கள், அதே காற்றோடு திரும்பி வருகிறீர்கள், ஆபத்தில்லை. சிலிண்டரோடு போனால் அடியில் மூச்சை இழுக்கிறீர்கள். அது அமுக்கப்பட்ட காற்று. மேலே வர வர அது விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும்.

"உங்க ஊருல சாயப்பட்டறையில பாய்லர் இருக்குல்லா? ஆவி போற வழியை அடைச்சா என்ன ஆவும்?"

"வெடிக்குமுங்க."

"அதேதான். மேல வாரப்ப வாயால காத்த விட்டுக்கிட்டே வரணும். ‘ஆ’ன்னு சொல்லிக்கிட்டே வாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க" என்றார்கள் எல்லோரும்.

இன்னொரு விதியும் சொன்னார். கீழே யாராவது இருக்கும்போது மேலே ஒருவர் உட்கார்ந்து குமிழியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி வந்தால் பிள்ளை மூச்சுவிடுகிறது. வராவிட்டால் விடவில்லை. மேலே பார்ப்பவர் சொல்வதுதான் முடிவு. அதை யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. அந்த வேலைக்கு ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தார். தண்ணீருக்குள் எந்த வகையிலும் பயன்படாத ஒரே ஆள் நான். படிக்கட்டில் உட்கார்த்திவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்து, சாயங்காலம் சைக்கிள் மிதித்து நெருப்பெரிச்சல் போய், அங்கே பிள்ளைகள் விட்ட மூச்சைப் பார்த்தேன். கண் எரியும், முதுகு வலிக்கும், கொசு கடிக்கும். வீர தீரம் எதுவும் இல்லை. உங்கள் வேலையில் பெரும்பகுதி இதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனி மேரி. பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடித்திருந்தாள். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கிணற்றில் மண் எடுப்பதில் பையன்களே அவளிடம் வம்புக்குப் போகமாட்டார்கள். அவள் உள்ளே போனால் வெளியே நிற்பவர்களுக்கு மூச்சு முட்டும். கடலை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த கோடையில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்திருக்கும். முடிந்த கையோடு அப்பாவின் கம்பெனியிலேயே செக்கிங்கில், தைத்த பனியனில் குறை பார்க்கும் வேலையில், சேர்வதாக வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். கடலுக்குள் இறங்க அவளுக்கு இருந்தது இந்த ஒரு கோடைதான். இதை என்னிடம் அவளே சொல்லியிருந்தாள், சிலிண்டரைத் துடைத்துக்கொண்டே.

"ஒருக்கா உள்ள போயி பாத்துட்டா போதுமுங்க சார். அப்பறம் காலத்துக்கும் பனியனைப் பாத்துட்டே உக்காந்துக்குவனுங்க."

பயிற்சியின் கடைசி நாள். மாஸ்டர் கிணற்றின் அடியில் இருந்தார். ஒவ்வொருவராகக் கீழே போக வேண்டும். அவர் தோளைத் தட்டியதும் மூச்சைவிட்டபடி மெதுவாக மேலே வர வேண்டும். பாசித் தண்ணீரில் மேலே நடப்பது அவருக்குத் தெரியாது, கீழே நடப்பது எங்களுக்குத் தெரியாது. இடையில் குமிழி மட்டும்.

மேரி இறங்கினாள். மாஸ்டரின் குமிழிக்குச் சற்றுத் தள்ளி அவள் குமிழி சீராக வந்துகொண்டிருந்தது. அப்போது கல்கட்டின் பொந்திலிருந்து ஒரு தண்ணீர்ப் பாம்பு வெளியே வந்து, குறுக்கே நீந்தி, முங்கியது. படியில் வரிசையில் நின்றிருந்த கதிர்வேல் கத்தினான்.

"மேரி, மாப்பிள்ளை பொண்ணு பாக்க வர்றாருடோய்!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் பாம்பைப் பார்த்தார்கள். நான் குமிழியைப் பார்த்தேன். அது என் நல்ல குணம் அல்ல. எனக்குப் பாம்பென்றால் பயம், அதனால் வேறு பக்கம் பார்த்தேன். மேரியின் குமிழி நின்றுபோனது. அடுத்த கணம் மேரி அம்பு போல இடுப்பு வரைக்கும் தண்ணீருக்கு மேலே எழும்பினாள். கன்னம் உப்பியிருந்தது. வெளியே வந்த பிறகுதான் வாயிலிருந்த குழாயைத் துப்பினாள்.

"பாம்புங்க சார்!" என்று அவளும் சிரித்தாள்.

மாஸ்டர் மேலே வந்தார். அவர் சிரிக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறதா, இருமல் வருகிறதா என்று கேட்டு அவளை மோட்டார் ரூம் நிழலில் படுக்கவைத்தார். ஒன்றும் இல்லை. நன்றாக இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், வாரப்ப குமிழி வந்துச்சா?"

என் கண்ணாடியில் பையன்கள் தெளித்த தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வரவில்லை என்றுதான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைத்தேன்.

"வரலை" என்றேன்.

"விட்டுட்டேதானுங்க சார் வந்தேன்!" என்று மேரி எழுந்து உட்கார்ந்தாள்.

"விட்டாளுங்க சார். நான் பாத்தனுங்க" என்றான் கதிர்வேல். அவன் பாம்புக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தவன்.

மாஸ்டர் அவளை மறுபடியும் இறக்கினார். கோத்துவிட்டது போலக் குமிழி வந்தது. இன்னொரு முறை. அதுவும் அப்படியே. பையன்கள் என்னைப் பார்த்தார்கள். மாஸ்டர் என்னை மோட்டார் ரூம் பின்னால் கூட்டிப் போனார்.

"நாம பாக்கோம்னு தெரிஞ்சா எல்லாரும் மூச்சு விடத்தான் செய்வாவ. பயந்த நேரத்துல விட்டாளாங்கிறதுதான் கேள்வி. அதப் பாத்தது நீங்க ஒராளுதான்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் கீழ கிடந்தேன். நினைக்கதுக்கு என்ன இருக்கு? மேல பாக்கவர் சொல்லுததுதான் முடிவு. அவர் மடையனா இருந்தாலும் சரி."

அந்த மடையன் பொதுவாகச் சொல்லப்பட்டவனா, குறிப்பாகச் சொல்லப்பட்டவனா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் யோசித்தது இவ்வளவுதான். ஆபத்து வந்தால் வாயை மூடு, மேலே போ என்று அந்தப் பெண்ணின் உடம்பு சின்ன வயதிலிருந்தே கற்றிருக்கிறது. நாங்கள் கொடுத்தது சில நாள் பாடம். கடலுக்குள் ஒரு ஜெல்லி மீன் உரசினால் எந்தப் பாடம் முந்தும்? சுமாராக நீந்திய பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்களுக்கு மறக்க அதிகம் இல்லை. இவள்தான் கிணற்றில் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. ஆகவே இவளைத்தான் இறக்க முடியாது. கேட்க எவ்வளவு அநியாயமாக இருக்கிறது பாருங்கள். சொன்ன எனக்கே அப்படித்தான் இருந்தது.

அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"நான் என்னங்க சார் தப்புப் பண்ணுனேன்?"

"தப்பு ஒண்ணுமில்ல கண்ணு."

"அப்பறம் எதுக்குங்க?"

பதில் சொன்னேன். பாய்லர், காற்று, பயம் எல்லாம் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "சரிங்க சார். உங்களுக்கு என்னைப் புடிக்கிலீன்னா விடுங்க" என்றாள். எங்கள் ஊர்க் கோபத்திலும் ‘ங்க’ இருக்கும். அடி பட்டது வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் தெரியும்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். கடலில் இறங்கப்போகும் எங்கள் பள்ளி மாணவி என்று மேரியைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரரிடம் அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

"ஒரு பாம்புக்காகவா சார் புள்ளையை நிறுத்தறீங்க?"

"பாம்புக்காக இல்லீங்க சார், குமிழிக்காக."

"குமிழிக்காக" என்று அவர் திருப்பிச் சொன்னார். அவர் வாயில் கேட்டபோது எனக்கே அது கேவலமாக இருந்தது.

சாயங்காலம் மேரியின் அப்பா ஆள் விட்டுக் கூப்பிட்டார். கம்பெனிக்கு எதிரே பேக்கரியில் நின்றிருந்தார், தலை முழுக்கப் பஞ்சுத் தூசி. வாக்குவாதத்துக்குத் தயாராகப் போனேன்.

"சார், நல்ல வேலை பண்ணுனீங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு நெம்பப் பயமுங்க சார். தினமும் ராத்திரி செபம் பண்ணிட்டுத்தான் படுத்தனுங்க. நீங்க நிறுத்திப்போட்டீங்கன்னு கேட்டதும்தான் உசுரு வந்துச்சு."

"அப்படீன்னா இதை மேரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமுங்களே?"

அவர் பதறிப்போனார். "ஐயோ, அது வேணாமுங்க! ‘போயிட்டு வா கண்ணு’ன்னு நான் சொல்லிட்டனுங்க. இப்ப மாத்திப் பேசுனா என்ற மேல கோவிச்சுக்கும். உங்க மேல கோவமா இருந்தா ஒரு வருசத்துல பள்ளிக்கூடம் முடிஞ்சு போயிரும். நான் காலத்துக்கும் அவளோட ஒரே ஊட்டுல இருக்கோணும் பாருங்க."

டீயும் ஒரு பன்னும் அவர் வாங்கிக் கொடுத்தார். நான் எடுத்த முடிவுக்குக் கிடைத்த மொத்த ஆதரவும் அந்தப் பன்தான். ஆறிப்போன பன்.

இந்த வேலையில் இதற்குப் பழகிக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் எல்லோரும் பார்க்கிறார்கள். நடக்காமல் தடுத்துவிட்டால் யாருக்கும் தெரிவதில்லை. தடுத்தவனுக்கும் தெரிவதில்லை. உண்மையிலேயே தடுத்தோமா, வீணாக ஒரு பிள்ளையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டோமா என்று படுக்கையில் புரள வேண்டியதுதான். அந்தச் சோர்வுக்கு மருந்து இருந்தால் நான் முதல் ஆளாக வாங்கியிருப்பேன்.

ஆனால் மேரியை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. குழுவில் இருந்த இன்னொரு பெண் கோமதி. மேரி கூட வந்தால்தான் அனுப்புவோம் என்று கோமதியின் வீட்டில் சொல்லிவிட்டார்கள். மேரியைக் கேட்டேன். கடலில் நான் நிமிர்ந்து உட்காரப் போவதில்லை, படகில் இருந்து குமிழி பார்க்க ஓர் ஆள் வேண்டும், வருகிறாயா என்று.

"கோமதிக்காக வர்றனுங்க. உங்களுக்காக இல்லீங்க."

கிளம்பினோம். ஒரு கம்பெனிக்காரர் எல்லோருக்கும் பனியன் கொடுத்திருந்தார். ஏற்றுமதியில் கழித்தவை. மார்பில் என்னமோ எழுதியிருந்தது. எந்த நாட்டு மொழி என்று கொடுத்தவருக்கும் தெரியவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு டீக்கடைக்காரர் எங்களிடம் வெகுநேரம் சைகையில் பேசினார்.

முதல்முறை கடல் கண்ணில் பட்டபோது பஸ்ஸே கத்தியது. மேரி கத்தவில்லை. நான் இருக்கும்போது ஆச்சரியப்படுவதில்லை என்று வைராக்கியம். முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் மட்டும் கடலைப் பார்த்தாள்.

பவளம் நடுவதில் எங்கள் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பனியனில் பிசிறு வெட்டியும் மடித்தும் பழகிய விரல்கள். துண்டுகளைப் பலகையில் கட்டும் வேகத்தைப் பார்த்து விஞ்ஞானி முந்தைய வருடத்தை மன்னித்துவிட்டார். ஒருவரும் எதையும் அள்ளிக்கொண்டு வரவில்லை. மேலே வந்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டச் சொல்லியிருந்தார் மாஸ்டர். சிரித்துக்கொண்டே காட்டினார்கள். மேரி படகின் ஓரத்தில் உட்கார்ந்து குமிழியைப் பார்த்தாள். தண்ணீருக்குள் ஓர் இரும்புக் குழாய் தொங்கியது. அதை ஸ்பேனரால் தட்டினால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு மூச்சைவிட்டபடி மெதுவாக மேலே வர வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் வாளியோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

முகாம் முடிவதற்கு முந்தைய நாள், கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. கடைசிப் பலகைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஸ்பேனர் சத்தம். மேரி குழாயைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் மேலே வந்தார்கள். கதிர்வேல் முகமூடியைப் பிடுங்கினான்.

"யாருக்கு என்னாச்சு?"

"உனக்குத்தான். பலகையைத் தாண்டி மேல எந்திரிச்ச. குமிழி வரலை" என்றாள் மேரி.

"நான் விட்டுட்டேதான்டீ இருந்தேன்! பலகைக்கு அடியில குனிஞ்சிருந்தேன், குமிழி அங்க மாட்டியிருக்கும்!"

"எந்திரிச்சப்பவும் வரலை."

"உனக்குத்தான் எறங்க முடியிலீல்ல, அந்த எரிச்சல்ல தட்டுறயா?"

கோமதியும் தோழியின் பக்கம் பேசவில்லை. அவள் கட்டிக்கொண்டிருந்த பலகை பாதியில் நின்றிருந்தது. மறுபடியும் இறங்கலாம் என்று ஏற்பாடு செய்வதற்குள் காற்று கிளம்பிவிட்டது. அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. மீதித் துண்டுகளைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தார் விஞ்ஞானி. நாளைக்குள் எத்தனை பிழைக்குமோ என்று அவர் முகத்தில் இருந்தது, வாயில் வரவில்லை.

மாஸ்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"நீ பாத்தியா?"

"பாத்தனுங்க."

"சரி."

கரைக்குத் திரும்பும் வழி முழுக்க ஒருவரும் அவளோடு பேசவில்லை. படகில் அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. என் பக்கத்திலும் இருந்தது. அதற்குக் காரணம் வேறு, வாடை. கொஞ்ச நேரம் கழித்து மேரி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார்."

"சொல்லு கண்ணு."

"அவன் மூச்சு விட்டுட்டுத்தான் இருந்தானோ என்னமோங்க."

"இருக்கலாம்."

"இனிமே அதை எப்படீங்க தெரிஞ்சுக்கறது?"

"தெரிஞ்சுக்க முடியாது."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "அன்னிக்குக் கெணத்துல, நெசமாலுமே பாத்தீங்களா?"

ஆமாம் என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெம்பு இல்லை.

"கண்ணாடியில தண்ணி கண்ணு. பாத்த மாதிரிதான் இருந்துச்சு."

"எனக்கும் பாத்த மாதிரிதானுங்க" என்றாள். எழுந்து போகவில்லை.

மறுநாள்தான் கடைசி நாள். காற்று நின்றிருந்தது. படகு நங்கூரம் போட்டதும் மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"சார், அந்தப் பிள்ளைய இன்னைக்கு நான் இறக்குதேன். ஆழம் இல்லாத இடம். என் கைய விட்டு விலகாது. அடுத்தவன் மூச்சு நிக்கத மேல இருந்து கண்டவ, தன் மூச்ச நிறுத்த மாட்டா. நிறுத்துனது நீங்க. அதனால உங்களக் கேக்கேன்."

இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அது சரியான கணக்கா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. மாஸ்டரின் கையைப் பார்த்தேன், தடித்த கை. "சரிங்க" என்றேன்.

மேரியிடம் சொன்னார். அவள் முகத்தில் வந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. சிலிண்டரைத் தூக்கினாள். கோமதி ஓடி வந்து வாரைப் பூட்டிவிட்டாள். கதிர்வேல் கூட, "மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். படகு ஓட்டுபவர் எஞ்சினை விட்டு நகர முடியாது. விஞ்ஞானி ஏற்கெனவே தண்ணீருக்குள். மீதித் துண்டுகளைக் கட்டி முடிக்க மற்ற எல்லோரும் இறங்கியாக வேண்டும். முகமூடியைக் கண்ணுக்கு இழுக்கப் போன மேரி நின்றாள்.

"அப்ப மேல யாருங்க பாக்கறது?"

படகில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, என்னால் முடியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

"இவரை நம்பி நான் எப்படீங்க எறங்கறது?" என்றாள் மேரி. "இவரு பாத்த லட்சணம் எனக்குத் தெரியுமுங்களே!"

படகே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். வாளிக்குள் நானும் சிரித்தேன், சத்தம் எதிரொலித்தது.

அவள் சிரிக்கவில்லை. கீழே இறங்கத் தயாராக நின்றவர்களை ஒருமுறை எண்ணினாள். சிலிண்டரின் வாரைக் கழற்றினாள். "நீங்க போங்க. நான் இருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். கோமதி ஏதோ சொல்ல வந்தாள். மாஸ்டர் அவள் தோளைத் தொட்டு இறங்கு என்றார். ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் போனார்கள்.

மேரி கடலுக்குள் இறங்கவே இல்லை. பாதியில் நின்ற பலகை அன்றைக்குக் கட்டி முடிந்தது. எல்லோரும் நல்லபடியாக மேலே வந்தார்கள். அது அவளால்தானா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது அவள் மடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பதைப் பார்த்தேன். முகர்ந்தால் குமட்டல் அடங்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அந்தப் பழத்தைக் கொஞ்சம் குடு கண்ணு" என்றேன்.

கையை மட்டும் பின்னால் நீட்டிக் கொடுத்தாள். முகத்தைத் தண்ணீரிலிருந்து திருப்பவில்லை.